குளிர்பானப் பாட்டிலில் ஆசிட்: தடை வேண்டுமா, வேண்டாமா?

துடைப்பம்: கக்கூஸ் கழுவ மூலைக்கடையில் மாமியார் வாங்கி வந்த ஆசிட் பாட்டில் சமையல் மேடையில் இருந்திருக்கிறது. பழைய குளிர்பானப் பாட்டில், லேபிள் கிடையாது, பார்த்தால் பச்சைத்தண்ணீர். நாலு வயது மகன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். பாய்ந்து பிடுங்கினேன். லூசில் ஆசிட் விற்பதை அடியோடு நிறுத்த வேண்டும்.

மளிகை அண்ணாச்சி: பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அம்மா, அது போதும். ஆனால் அதை மேடையில் வைத்தது கடைக்காரரா? போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை பினாயிலுக்கு அசையாது. பிராண்டு போட்டு விற்கும் கக்கூஸ் கிளீனர் பாட்டிலிலும் பெரும்பாலும் இதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், விலைதான் வேறு.

துடைப்பம்: அதில் சுமார் 10 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. நீங்கள் விற்பதில் எத்தனை?

மளிகை அண்ணாச்சி: கேனில் வருகிறது, ஊற்றிக் கொடுக்கிறேன். எனக்கென்ன தெரியும்?

வாய்தா: ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட லட்சுமி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. வாங்குபவர் அடையாள அட்டை காட்டி, எதற்கென்று சொல்ல வேண்டும். கடையில் பதிவேடு வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். உங்கள் பதிவேடு எங்கே, அண்ணாச்சி?

மளிகை அண்ணாச்சி: ஆறு மாதம் எழுதினேன். எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான், கக்கூஸ் கழுவ. கை வலித்ததுதான் மிச்சம்.

துடைப்பம்: அந்த உத்தரவு தேவைதான், நீங்கள் எழுதாமல் விட்டது தவறுதான். ஆனால் மாமியார் ஆதாரைக் காட்டி வாங்கியிருந்தாலும் என் மகன் அந்த மூடியைத் திருகியிருப்பான். வாங்கும் ஆளைப் பார்க்கிறார்கள், பாட்டிலை யார் பார்ப்பது?

ஈரத்துணி: லேபிள் இல்லாததன் பலனை நானும் அனுபவித்தேன். கறை போகவில்லையே என்று ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று யார் சொன்னார்கள்? கதவு வேறு சாத்தியிருந்தது. நெஞ்சு எரிய, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். (கறை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.)

மளிகை அண்ணாச்சி: இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேனே, எத்தனை பேருக்கு!

துடைப்பம்: இனிமேல்?

மளிகை அண்ணாச்சி: தனித்தனியாகக் கொடுக்கிறேன். பதிவேட்டையும் தூசி தட்டுகிறேன். குளிர்பானப் பாட்டிலில் இனி ஊற்ற மாட்டேன். ஆனால் விற்பனையை நிறுத்த மாட்டேன், அம்மா. லேபிள் ஒட்டச் சொன்னால் ஒட்டுகிறேன். எத்தனை சதவீதம் என்று எழுத, கேன் கொண்டுவருபவர் வாயைத் திறக்க வேண்டுமே!