ஸ்னேர் டிரம்முக்கு ஆடாத ஸ்டாண்ட் எது?

வணக்கம். என்னிடம் இருப்பது 14 அங்குல ஸ்னேர், ஆழம் 6.5 அங்குலம். இப்போதைய ஸ்டாண்ட் டிரம் செட்டோடு வந்தது, ஒற்றைத் தகட்டுக் கால். ரிம் ஷாட் (தோலையும் விளிம்பையும் ஒரே அடியில் அடிப்பது) அடிக்க ஆரம்பித்தால் போதும், உள்குழாய் மெல்ல மெல்ல இறங்கிவிடுகிறது. விங் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் இரண்டு பாட்டுக்கு மேல் தாங்குவதில்லை.

இரட்டைத் தகட்டுக் கால்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எடை கூடும்தான், தூக்கப்போவதும் நான்தான், பரவாயில்லை.

குழப்பம் சாய்க்கும் மூட்டில். பல்சக்கர வகையில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் நிறுத்த முடியாது. எனக்கு வேண்டிய கோணமோ எப்போதும் அந்த நடுவில்தான் இருக்கிறது! பந்து மூட்டு என்றால் எப்படியும் சாய்க்கலாம். ஆனால் பலமாக அடித்தால் நழுவுமா? நீண்ட நாள் வாசித்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் உயரம். ஸ்னேர் ஆழமானது, நானும் தாழ உட்கார்ந்து வாசிப்பவன். ஸ்டாண்ட் நன்றாக இறங்க வேண்டும். விளம்பரங்களில் அதிகபட்ச உயரத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். உங்களுடையதை முழுக்க இறக்கி, தரையிலிருந்து டிரம் உட்காரும் ரப்பர் வரை அளந்து சொன்னால் பெரிய உதவி.

டிரம்மைப் பிடித்துக்கொள்ளும் மேல்பகுதிக் கூடையை இன்னும் இறுக்கச் சொல்லாதீர்கள், ஒலி அமுங்கிவிடுகிறது.

மெமரி லாக் (வைத்த உயரம் மாறாமல் குழாயில் பூட்டும் வளையம்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சரி. பழையது கிடைத்தாலும் வாங்குவேன். அப்படி வாங்கும்போது எதையெல்லாம் திருகிப் பார்க்க வேண்டும்?