பட்டறை அலமாரிக்குப் பசையா, பிரித்து மாட்டும் இணைப்பானா?

செந்தூல் பட்டறை:

சென்ற வாரம் வேறோர் இழையில் பட்டர்வொர்த் தச்சர் ஐயா, கேம் பூட்டு (ஒரு பலகையில் பதித்த வட்ட வில்லையைத் திருகினால், அடுத்த பலகையில் ஏற்றிய போல்ட்டின் தலையை இழுத்துப் பிடிக்கும் இணைப்பான்) போட்ட அலமாரி புத்தகம் அடுக்கத்தான் சரிப்படும், கருவிகளின் எடையைச் சுமக்கும் பட்டறை அலமாரிக்கு அது ஆகவே ஆகாது என்று எழுதியிருந்தார். அவருடைய அனுபவத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்றாலும், இந்தக் கருத்தை மறுக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கோலாலம்பூரில் சிறு பட்டறை நடத்துபவர்களில் பலர் வாடகைக் கடைவீட்டில்தான் இருக்கிறோம். ஒப்பந்தம் முடிந்து வாடகை ஏறினால் இடம் மாற வேண்டியதுதான். 2 மீட்டர் உயரம், 900 மி.மீ. அகலம், 600 மி.மீ. ஆழம் என்ற அளவில் கதவுகளோடு ஓர் அலமாரி செய்தால், 18 மி.மீ. தடிப்பில் நாலடிக்கு எட்டடிப் பலகை இரண்டுக்கு மேல் பிடிக்கும். சிப்போர்டு (மரச்சீவலைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் ஒரு முழுப் பலகையே ஏறத்தாழ 35 கிலோ இருப்பதால், முடிந்த அலமாரி 80 கிலோவை எட்டிவிடும். பசையிட்டு மூடிய அப்படிப்பட்ட பெட்டியைக் கடைவீட்டின் குறுகிய படிக்கட்டில் திருப்பி இறக்க முயன்றவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. 15 மி.மீ. கேம் பூட்டும் அதனோடு 8 மி.மீ. மர முளைகளும் (இரு பலகைகளின் துளைகளிலும் நுழையும் சிறு மரக் குச்சிகள்) சேர்த்துச் செய்தால், அதே அலமாரியைத் தட்டையான பலகைகளாகப் பிரித்து, ஒரு சிறிய வேனில் அடுக்கிக்கொண்டு போய்விடலாம்.

பட்டர்வொர்த் தச்சர்:

தம்பி, நான் எழுதியதைச் சற்று மென்மையாக்கிச் சொல்லியிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

என் மறுப்பு எளிமையானது. 18 மி.மீ. பலகையில் கேமுக்காக ஏறத்தாழ 14 மி.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டுகிறீர்கள். அந்த இடத்தில் மிஞ்சுவது 4 மி.மீ. தடிப்புதான். பலகையின் வலுவை எடுத்துவிட்டு அங்கே துத்தநாகக் கலவையில் வார்த்த ஒரு சிறு வில்லையை வைத்து, அதுதான் மூலையைக் காக்கும் என்கிறீர்கள். காடி (பலகையில் வெட்டும் நீண்ட பள்ளம்) வெட்டிப் பசையிட்டு இணைத்தால், 600 மி.மீ. ஆழமுள்ள பலகையின் முழு நீளமும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். கேம் போட்டால் இரண்டு அல்லது மூன்று புள்ளிகளில் மட்டுமே அந்தச் சுமை விழும்.

அத்துடன், பட்டறை என்பது வரவேற்பறை அன்று. பக்கத்திலேயே காற்றழுத்தப் பொறி ஓடும், வட்ட ரம்பம் ஓடும். அந்த அதிர்வில் கேம் மெல்லத் தளரும். தளர்ந்த அலமாரியின் கதவுகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கும்போதுதான் உரிமையாளருக்கே அது தெரியவரும்.

இடம் மாறுவதுதான் கவலை என்றால் அதற்கு வழி உண்டு. உயரமான ஒரே அலமாரிக்குப் பதிலாக, 900 மி.மீ. உயரத்தில் சிறு சிறு பெட்டிகளைப் பசையிட்டு உறுதியாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எம்6 போல்ட்டால் இணைத்துக்கொள்ளுங்கள். பிரிக்க வேண்டியது பெட்டிகளையே தவிர, பலகைகளை அல்ல.

செந்தூல் பட்டறை:

பெட்டிகளை அடுக்கும் யோசனையை நான் மதிக்கிறேன். கீழ் வரிசை இழுப்பறைகளுக்கு நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் உயரமான அலமாரிக்கு அதன் விலை அதிகம். பெட்டியின்மேல் பெட்டி வரும் இடத்தில் எல்லாம் பலகை இரட்டிப்பாகிறது. பக்கத்தில் பக்கமாக வைத்தால் ஒவ்வோர் இணைப்புக்கும் 36 மி.மீ. இடம் பலகைக்கே போய்விடுகிறது. இடம் மாறும் நாளில் வேனில் ஏறுவது பெரும்பாலும் காலிப் பெட்டிக்குள் இருக்கும் காற்றுதான்.

பசையைப் பற்றி ஐயா சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இன்று நாம் வாங்குவது பெரும்பாலும் மெலமைன் என்ற வழவழப்பான பிசின் பூச்சு உள்ள பலகை. வழக்கமான வெள்ளைப் பசை மெலமைனின் மேல் ஒட்டாது. அது உள்ளே ஊறிப் பிடிப்பதற்குத் திறந்த மர நார் வேண்டும். எனவே பக்கப்பலகையின் பூசிய முகத்தோடு அடுக்குப் பலகையின் வெட்டிய விளிம்பை வெறுமனே வைத்துப் பசையிட்டால், ஒரு பக்கம் மட்டுமே பிடித்து, சிறிய தட்டலிலேயே பிளந்துவிடும். காடி வெட்டிப் பூச்சை அகற்றினால்தான் பசைக்கு வேலை. அப்படிக் காடி வெட்டும்போதும் பக்கப்பலகையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு குறையத்தானே செய்கிறது? அதுவும் புள்ளியில் அன்று, முழு நீளத்துக்கும்.

மேலும், கேம் குழியில் மிஞ்சும் 4 மி.மீ. ஐயா நினைப்பது போல எடையைச் சுமப்பதில்லை. இணைப்பை இழுத்து மூடி வைத்திருப்பதே கேமின் வேலை. கீழ்நோக்கிய எடையைத் தாங்குவதும், பலகை வழுக்காமல் நிறுத்துவதும் மர முளைகள். முளை இல்லாமல் கேமை மட்டும் போட்டு, பிறகு கேமையே குறை சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுங்கை பூலோ:

நான் அறைகலன் தொழிற்சாலையில் துளையிடும் பிரிவில் வேலை செய்கிறேன். இருவரும் வாதத்தில் வேகமாகப் போய்விட்டதால், இடையில் சில அளவுகளைச் சொல்லிவைக்கிறேன்.

தொழிற்சாலைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் 32 மி.மீ. முறையில், பக்கப்பலகையின் முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி முதல் துளைவரிசை வரும். அந்த வரிசையில் 5 மி.மீ. துளைகள் 32 மி.மீ. இடைவெளியில் அமையும். கீல், இழுப்பறைத் தண்டவாளம், அடுக்குத் தாங்கி எல்லாம் இந்த வரிசையிலேயே பொருந்தும். கேமின் மையம் பலகை விளிம்பிலிருந்து, போல்ட்டின் நீளத்தைப் பொறுத்து, பெரும்பாலும் 24 அல்லது 34 மி.மீ. தள்ளி இருக்கும். பட்டறை அலமாரிக்கு நான் 34 மி.மீ.யைத்தான் பரிந்துரைப்பேன். கேமுக்கும் விளிம்புக்கும் இடையே எவ்வளவு பலகை இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது இழுவையில் உடைந்து வராமல் நிற்கும்.

கையால் துளையிடுபவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் ஆழம்தான். கூர்முனை நீண்ட துளைப்பான் முனையால் 14 மி.மீ. தோண்டினால், அந்தக் கூர்முனை பலகையின் மறுபக்கத்தைத் துளைத்துக்கொண்டு எட்டிப்பார்க்கும். முனை குட்டையான, தட்டையான அடி உள்ள குழி தோண்டும் 15 மி.மீ. போர்ஸ்னர் துளைப்பானைப் பயன்படுத்தி, நின்று துளையிடும் பொறியில் ஆழத் தடையை வைத்து, முதலில் ஒரு கழிவுத் துண்டில் சோதித்த பிறகே நல்ல பலகையைத் தொட வேண்டும். கேமை இறக்கும்போது அதன் முகத்தில் உள்ள சிறிய அம்பு பலகையின் விளிம்பை நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டின் தலை உள்ளே நுழையாது. ஆட்கள் அதைச் சுத்தியலால் தட்டி நுழைக்கப் பார்த்துக் கேமின் உதட்டை உடைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. எல்லா இணைப்பான்களையும் ஒரே கூடையில் போட வேண்டாம். கன்ஃபர்மாட் திருகு என்று 7 மி.மீ. தடிப்பும் 50 மி.மீ. நீளமும் உள்ள தடித்த திருகு ஒன்று உண்டு. விளிம்பில் 5 மி.மீ. துளையிட்டுச் செலுத்துவார்கள். முதல் முறை மாட்டும்போது அது மிக நன்றாகப் பிடிக்கும். ஆனால் கழற்றிக் கழற்றி மாட்டும்போது சிப்போர்டில் தான் வெட்டிய மரையையே அது அரித்துவிடும். கேமின் போல்ட் அப்படியன்று. அது பக்கப்பலகையில் ஒருமுறை ஏறிவிட்டால் அங்கேயே இருக்கும். பிரிக்கும்போது சுழல்வது கேம் மட்டுமே. இருந்தாலும் பலமுறை இடம் மாறும் அலமாரி என்றால், போல்ட் ஏறும் துளையில் எம்6 மரைக்குமிழ் (உள்ளே மரை வெட்டிய சிறு குழல்) ஒன்றைப் பதித்துவிடுவது நல்லது.

சுவிட்சர்லாந்தின் லமெல்லோ நிறுவனத்தின் கிளாமெக்ஸ் வகை இணைப்பான்கள் இவை எல்லாவற்றையும்விட நேர்த்தியானவை. வெளியே ஒரு சிறு துளை மட்டுமே தெரியும். ஆனால் அதற்கென்று உள்ள காடிப்பொறியை வாங்கும் பணத்தில் ஒரு சிறு பட்டறை பாதிக் கருவிகளை வாங்கிவிடலாம் என்பதால், இந்த விவாதத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

பட்டர்வொர்த் தச்சர்:

அளவுகளுக்கு நன்றி. மெலமைனைப் பற்றிச் சொன்னதும் சரியே. அதனால்தான் நான் பட்டறைக்கு மெலமைன் சிப்போர்டையே வாங்குவதில்லை, பிளைவுட்தான். பிளைவுட்டுக்கு வெள்ளைப் பசை தாராளமாகப் பிடிக்கும்.

ஆனாலும் என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. அலமாரி பக்கவாட்டில் சாயாமல் நிற்பதற்கு உங்கள் கேம் என்ன செய்கிறது? மூலையைச் செங்கோணத்தில் பிடித்து வைப்பது அதனால் இயலாது. 2 மீட்டர் அலமாரியை மேலே ஒரு கையால் தள்ளினால், எல்லா மூலைகளும் ஒன்றாகச் சரியும்.

செந்தூல் பட்டறை:

அதைக் கேமும் செய்வதில்லை, பசையும் செய்வதில்லை ஐயா. செய்வது பின்பலகை.

கடையில் வரும் அலமாரிகளில் 3 மி.மீ. பலகையைப் பின்னால் வைத்துச் சிற்றாணி அடித்திருப்பார்கள். அந்த ஆணிகள் தளரத் தொடங்கியதும் அலமாரி ஆடும். பழி மட்டும் மூலையில் உள்ள கேமுக்கு வந்துவிடும். நான் 9 மி.மீ. பிளைவுட்டை முழு முதுகுக்கும் ஒரே துண்டாக வைத்து, சுற்றிலும் 150 மி.மீ. இடைவெளியில் திருகு போடுகிறேன், நடு அடுக்குக்கும் ஒரு வரிசை உண்டு. மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, சமமாக வந்த பிறகே திருகை இறுக்குவேன். பிரிக்கும்போது அவை எல்லாம் கழன்று வரும். அதற்குப் பிறகு மேலே தள்ளிப் பாருங்கள்.

கேம் தளர்வது பற்றி: தளரும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் கேமின் முகத்தைக் கை எட்டும் பக்கத்தில் வைக்கிறேன். கீழ்ப்பலகையின் கேமை அழகுக்காக அடிப்பக்கம் வைத்துவிட்டு, அலமாரி நிறைந்த பின் தரையில் படுத்து இறுக்கப் பார்ப்பது வீண் வேலை. மேற்பக்கமாக வைத்துப் பிளாஸ்டிக் மூடி போட்டால் போதும். அது பட்டறை, நகைக்கடை அன்று.

ஜெலுத்தோங்:

நான் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த பெருவெள்ளத்தை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பட்டறைக்குள் முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீர் நின்றது. சிப்போர்டின் வெட்டு விளிம்பு ஒருமுறை நீரைக் குடித்து உப்பிவிட்டால், காய்ந்த பின்னும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. பசையிட்டுச் செய்த அலமாரிகளில் கீழ்ப்பகுதி மட்டுமே கெட்டிருந்தும், பிரிக்க வழியில்லாததால் முழுவதையும் குப்பை லாரியில் ஏற்றினோம். கேம் போட்டுச் செய்திருந்த ஒன்றில் கீழ்ப்பலகையையும் இரண்டு பக்கப்பலகைகளையும் புதிதாக வெட்டி மாற்றினோம். அடுக்குகள், மேற்பலகை, கதவின் கீல்கள் எல்லாம் பழையனவே.

கேம்கள் அரித்து இறுகியிருந்ததால் சிலவற்றை உளியால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லா அலமாரிக்கும் 100 மி.மீ. பிளாஸ்டிக் கால் வைத்திருக்கிறோம். பெரிய வெள்ளத்தை அது தடுக்காது. தரையைக் கழுவும் நீரிலிருந்து காக்கும், கரையான் மண்பாதை ஏறினாலும் கண்ணில் படும்.

பட்டர்வொர்த் தச்சர்:

வெள்ளத்தைப் பற்றி ஜெலுத்தோங் நண்பர் சொன்னது எனக்குப் புதிய கோணம். தரைமட்டத்தில் நிற்கும் உயரமான அலமாரிக்கு, ஒரே துண்டாக 9 மி.மீ. பின்பலகை இருக்கிறது, முளையும் இருக்கிறது என்றால், கேமை எதிர்ப்பதை நான் நிறுத்திக்கொள்கிறேன். இழுப்பறைப் பெட்டிக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாள் முழுவதும் இழுத்து அடைக்கப்படும் பொருளில் கழலக்கூடிய எதையும் நான் வைக்க மாட்டேன். அங்கே காடியும் பசையும்தான்.

ஆனால் அடுக்கின் அகலத்தை 900 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே அளவாகப் பரவிய சுமைக்குப் பலகை தொய்வது நீளத்தின் நான்காம் படியில் ஏறும். 600 மி.மீ. அடுக்கோடு ஒப்பிட்டால், மீட்டருக்கு அதே சுமை இருக்கும்போது, உங்கள் அடுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு தொய்யும். சிப்போர்டு என்றால் நாளாக நாளாக இன்னும் இறங்கும். இணைப்பானைப் பற்றி இத்தனை எழுதிவிட்டு அதை எப்படி விட்டீர்கள்?

செந்தூல் பட்டறை:

விடவில்லை ஐயா, எழுத இடம் வரவில்லை. நடுவில் ஒரு செங்குத்துப் பிரிப்பு உண்டு. அடுக்கின் திறந்த இடைவெளி 450 மி.மீ.க்குக் கீழேதான். கனமான திருகுப் பெட்டிகள் வரும் அடுக்கின் முன் விளிம்பில் 40 மி.மீ. ரப்பர்மரச் சட்டம் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். பசையிட்டு ஒட்டியிருக்கிறேன் என்பதையும் உங்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

சுங்கை பூலோ:

சுவரில் தொங்கும் அலமாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே கணக்கு வேறு. கீழ்ப்பலகை பக்கப்பலகைகளில் தொங்குகிறது. எடை முழுவதும் முளைகளைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையாக விழுகிறது. ஆகவே அதற்கு ஒவ்வொரு முனையிலும் மூன்று முளைகளாவது வேண்டும், கீழ்ப்பலகையின் விளிம்பில் பின்பலகையும் திருகால் பிடித்திருக்க வேண்டும். சுவரில் திருகிய தண்டவாளத்தில் மாட்டும் கொக்கியைப் பக்கப்பலகையிலேயே பதியுங்கள். மேற்பலகையில் திருகிச் சுவரோடு சேர்த்தால், எடை முழுவதும் மேல் மூலை இணைப்புகளின் மேல் விழும்.