பொலிஸ் நிலையத்தில உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

கோண்டாவிலூரான்
மோட்டச்சைக்கிள் களவு போய் முறைப்பாடு குடுக்கப் போனனான். மிச்சம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்: வாங்கில இருங்கோ, தமிழ் எழுதத் தெரிஞ்சவர் டியூட்டியில இல்லை, நாளைக்கு வாங்கோ. எனக்குப் பக்கத்தில ஒரு வயசுபோன அம்மா, மகன்ர விசயமா வந்தவ. மேசையில இருந்த பொலிஸ் பொடியன் அவவைக் கையால விசுக்கி "போ, போ" எண்டவன். அந்த நேரம் பாத்துப் புதுசா மாறி வந்த ஓஐசி, நிலையப் பொறுப்பதிகாரி, ஜீப்பால இறங்கினார். தன்ர அறைக்குப் போகேல்லை. நேர அவவிட்ட வந்து, தெரிஞ்ச தமிழில, "அம்மா, சாப்பாடு சாப்பிட்டதா?" எண்டு கேட்டார். பிறகு பொடியனுக்குச் சிங்களத்தில ஏதோ சொன்னவர், சத்தம் போடேல்லை. பொடியன் எழும்பித் தன்ர கதிரையைக் கொண்டந்து அவவுக்குப் போட்டான். அந்தக் கதிரை இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அவனுக்கு மரியாதை தெரியாமல் இல்லை, காட்டச் சொல்ல ஆளில்லாமல் இருந்திருக்கு.

தென்மராட்சியான்
அண்ணை, நல்ல மனிசன்தான், ஒத்துக்கொள்ளுறன். அவர் மாறிப் போனாப்பிறகு அங்க போய்ப் பாத்தனீங்களோ? 2016 ஒக்டோபரில யாழ்ப்பாணத்தில, குளப்பிட்டியில, ரெண்டு கம்பஸ் பொடியள் செத்ததை மறந்திட்டமே? முதல் வந்த கதை விபத்து. பொலிஸ் சுட்டது பிறகுதான் வெளிய வந்தது. அப்பிடி ஒரு கதை சொல்ல ஆருக்குத் துணிவு வரும்? மேல இருக்கிறவை மூடி மறைப்பினம் எண்டு நம்புறவனுக்குத்தான். ஒரு ஓஐசி கதிரை போட வைச்சதால அந்த நம்பிக்கை போகாது.
என்ர சித்தப்பாவின்ர வாக்குமூலத்தைச் சிங்களத்தில எழுதிப்போட்டு, "இதில சைன் வையுங்கோ" எண்டவை. மனிசன் பேனையைப் பிடிச்சுக்கொண்டு என்ர முகத்தைப் பாத்தார். அதைத்தான் மறக்கேலாமல் கிடக்கு.

நல்லூர் ஓய்வூதியர்
தென்மராட்சித் தம்பி, சித்தப்பாவை ஒப்பம் வைக்க விட்டிருக்கக்கூடாது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில 109 ஆம் பிரிவைப் பாருங்கோ. முறைப்பாட்டை வாயால சொன்னால், சொன்ன மொழியிலயே எழுதி வாசிச்சுக் காட்டோணும். அந்த மொழியில எழுத ஆளில்லையெண்டால், உங்களையே எழுதித் தரச் சொல்லிக் கேக்கோணும். "நாளைக்கு வாங்கோ" எண்டு அந்தப் பிரிவில ஒரு இடத்திலயும் இல்லை. ஒரு தாளில தமிழில எழுதிக் கையில கொண்டு போங்கோ. எடுக்காட்டில் ஏஎஸ்பி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், கந்தோருக்குப் பதிவுத் தபாலில அனுப்புங்கோ. அடி உதை எண்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாணக் கந்தோர் இருக்கு. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை வழக்குப் போறதெண்டால் ஒரு மாதத்துக்குள்ள போகோணும், ஆறப்போட வேண்டாம்.
ஓஐசிமாரை ஆர் மாத்துறது எண்டதுதான் அடுத்த விசயம். 2001 இல 17 ஆம் திருத்தம் அதுக்கெண்டே தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைக் கொண்டு வந்தது. 2010 இல 18 ஆம் திருத்தம் இடமாற்றம், பதவியுயர்வு, ஒழுக்காற்று அதிகாரத்தை அதிட்டயிருந்து பறிச்சது. 2015 இல திரும்பக் குடுத்தவை. அரசியல்வாதி ஒரு கோல் எடுத்து மாத்தலாமெண்டால், எந்த நல்ல அதிகாரி தலையை நிமித்துவார்?
என்ர அனுபவம் சின்னது. காணிப் பிரச்சினைக்குப் போனன், ஒரு எஸ்ஐ வேலியை வந்து பாத்திட்டுத்தான் எழுதினவர்.

வடமராட்சிப் பிள்ளை
ஐயா, அந்த வாங்கில இருக்கேக்க 109 எல்லாம் வாயில வராது. தங்கச்சியோட சிறுவர் பெண்கள் பிரிவுக்குப் போனனான். ஒரே அறை, ஆம்பிளைப் பொலிஸ்காரர் போறதும் வாறதும். அவள் வாயே திறக்கேல்லை. அங்க இருந்த தமிழ்ப் பொலிஸ் பிள்ளை, எங்கட வயசுதான் இருக்கும், எழும்பிக் கதவைச் சாத்தினவ. கொஞ்சத்தால மேலதிகாரி சேர் ஒருத்தர் கதவைத் தட்டினார். "சேர், வாக்குமூலம் எடுக்கிறன், முடிச்சிட்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டுத் திறக்கேல்லை. கை நடுங்கினதைக் கண்டனான். பிறகுதான் தங்கச்சி கதைச்சவள்.
தென்மராட்சி அண்ணை, நீங்கள் மேல இருக்கிறவை மூடி மறைக்கிறதைச் சொல்லுறியள். எனக்கு இந்தப் பிள்ளையின்ர யோசினைதான். அண்டைக்குப் பின்னேரம் அந்தச் சேர் அவவைக் கூப்பிட்டு ஏசினவரோ, நல்லது செய்தாய் எண்டவரோ? அதைப் பொறுத்துத்தானே அடுத்த முறை கதவு சாத்துறதும் சாத்தாததும்.