ரெண்டு கறவை மாடு, வீட்டிலேயே நெய் வியாபாரம், ஸ்கூல் போற பிள்ளைங்க: நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

கோபி_தோட்டம் (கேள்வி)

வணக்கம்ங்க. ஒன்றரை ஏக்கர் தோட்டம், ரெண்டு ஜெர்சி கலப்பின மாடு. பாதிப் பால் சொசைட்டிக்கு, மீதியில நெய் எடுத்து விக்கிறோம். வீட்டுக்காரர் தோட்டத்தைப் பார்க்கிறார், மாடும் நெய்யும் என் பொறுப்பு. பையன் பத்தாவது, பொண்ணு நாலாவது. கறவையும் ஸ்கூல் வேனும் ஒரே நேரத்துல வந்து நிக்குது. நெய் ஆர்டருக்கு நாள் பூரா போன். ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. எந்த வேலையை எங்கே நகர்த்தலாம்? வருஷத்துல ஒரு வாரமாவது குடும்பத்தோட வெளியூர் போக வழி இருக்கா?

பட்டிக்காரன்

அம்மணி, கறவை நேரத்தை மட்டும் கெட்டியா வைங்க, மத்த வேலையெல்லாம் அதைச் சுத்தி நகரட்டும். சரியா 12 மணி நேர இடைவெளி வேணும்னு இல்லை. நடுத்தரக் கறவை மாட்டுக்கு 13-11 போதும், ஆனா தினமும் அதே நேரமா இருக்கணும். காலை 5, சாயங்காலம் 4 வெச்சுக்கிட்டா வேனுக்கு முன்னாடி கை காலியாயிடும்.

கறக்கும்போது போனை எடுக்காதீங்க. மடியைக் கழுவித் துடைச்சதும் இறங்குற சுரப்பு 5 முதல் 7 நிமிஷத்துல அடங்கிடும். நடுவுல எழுந்து போனா மீதிப் பாலை மாடு அடக்கிக்கும். கொழுப்பு அதிகம் இருக்கிறது அந்தக் கடைசிப் பால்லதான், அதனால நெய்க்கு நேரடி நஷ்டம். தேங்கின பால் மடிநோய்க்கும் இடம் கொடுக்கும். கறந்ததும் தீவனம் போட்டு அரை மணி நேரம் மாட்டைப் படுக்க விடாம நிக்க வைங்க. காம்புத் துளை மூடுறதுக்குள்ள படுத்தா சாணத்துல இருக்கிற கிருமி உள்ளே ஏறிடும்.

பசுந்தீவனத்துக்கு கோ 5 கம்பு நேப்பியர் 20 முதல் 25 சென்ட் இருந்தா ரெண்டு மாட்டுக்குத் தாங்கும் (ஒரு மாட்டுக்குத் தினம் 25-30 கிலோ கணக்கு). மறுதாம்பு (வெட்டின தூர் திரும்பத் துளிர்க்கிறது) 45 நாளுக்கு ஒருக்கா வர்றதால நிலத்தை ஏழு பாத்தியாப் பிரிச்சு வாரம் ஒரு பாத்தி வெட்டுங்க. மொத்தமா வெட்டிக் குவிச்சா சூடேறிக் கெட்டுப்போகும். பொண்ணு தொட்டித் தண்ணி பார்க்கட்டும். தீவன வெட்டி மெஷின் பக்கம் மட்டும் பிள்ளைங்களை விடவே கூடாது.

நெய்_வாசம்

நெய் வேலையை வாரம் ஒரு நாளா சுருக்கிடலாம் அக்கா. சின்ன கிரீம் செப்பரேட்டர் ஒண்ணு வாங்குங்க. கறந்த சூடு ஆறுறதுக்குள்ள பாலை ஓட்டினா கிரீம் நல்லாப் பிரியும், ஆறின பால்ல கொழுப்பு தங்கிடும். மெஷினை உடனே கழுவலைன்னா அதோட தட்டுகள்ல ஒட்டினது புளிச்சு அடுத்த நாள் கிரீமையும் கெடுக்கும். கிரீமை ஃப்ரீசர்ல சேர்த்து வெச்சு, வியாழன் ராத்திரி வெளியே எடுத்து ரெண்டு ஸ்பூன் தயிர் கலந்து விடுங்க. வெள்ளி காலையில ஐஸ் தண்ணி ஊத்திக் கடைஞ்சு, மோர் போகக் கழுவி, பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கும்போதே உருக்கிடலாம்.

சடசடன்னு வெடிக்கிற சத்தம் அடங்கி, மேல நுரை மெலிசாகி, அடிக்கசடு பொன்னிறமானதும் இறக்கணும். அவசரமா இறக்கினா ஈரம் தங்கிச் சீக்கிரமே காறல் வாசம் வரும். பாட்டில்ல ஊத்திச் சூடா மூடினா மூடியில வியர்த்துச் சொட்டுற தண்ணியும் அதே வேலையைச் செய்யும்.

புதன் ராத்திரியோட ஆர்டரை நிறுத்துங்க, திங்கள் கூரியர். சனிக்கிழமை அனுப்பினா ஞாயிறு குடோன்லயே கிடக்கும். ஒரு கிலோ நெய்க்குப் பசும்பால் 25 முதல் 30 லிட்டர் ஆகும். சொசைட்டி விலையில அந்தப் பால் என்ன தரும்னு பார்த்துட்டு நெய் விலையை வைங்க. நிறையப் பேர் இதைப் பார்க்காமலே ராத்திரி பகலா உழைக்கிறாங்க, பார்க்கவே வருத்தமா இருக்கு.

கோபி_தோட்டம்

ரொம்ப நன்றிங்க. வெளியூர் போறதுக்கு?

சினைக்கணக்கு

ரெண்டு மாட்டுக்கும் செப்டம்பர் முதல் வாரத்துல சினை ஊசி போட்டா, 280 நாள் கணக்குல ஜூன் நடுவுல கன்னு போடும். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஏப்ரல் நடுவுல கறவையை நிறுத்தணும். டாக்டர்கிட்டச் சொல்லிக் காம்புக்குள்ள வத்தல் கால மருந்து (கறவை நிறுத்தின சமயத்துல மடிநோய் வராம இருக்க) போட்டுக்கங்க. முதல் ரெண்டு வாரம் மடி வீங்குதான்னு பாருங்க. மே முதல் பாதியில போய்ட்டு வரலாம், தண்ணியும் தீவனமும் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க பார்த்துக்குவாங்க. பையன் பரீட்சை சமயத்துலயும் கறவை குறைஞ்சு வேலை லேசா இருக்கும்.

அந்த ரெண்டு மாசம் பால் காசு வராது. அதுக்காகப் பனிக்காலத்துலயே நெய்யைச் சேர்த்து வைங்க. சினைப் பருவத்தைத் தவறவிட்டா 21 நாள் தள்ளிப்போகும். கண்ணாடி மாதிரி கோழை, விடாத கத்தல், இந்த அறிகுறி காலையில தெரிஞ்சா சாயங்காலம் ஊசி. முதல் ஊசியிலேயே பிடிக்கும்னு நம்பி டிக்கெட் போடாதீங்க. ரெண்டரை மாசம் கழிச்சு டாக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சினைன்னு சொன்ன பிறகு போடுங்க.

இன்னொண்ணு, வாரம் ரெண்டு நேரமாவது வீட்டுக்காரர் கறக்கணும். ஒரே கைக்குப் பழகின மாடு வேற ஆள் உக்காந்தா பாலை அடக்கிடும், அப்புறம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் நீங்கதான் எழுந்து வரணும். உங்க பழைய சேலையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க, முதல் வாரம் பக்கத்துலயே நில்லுங்க.