புதுப்பிப்பு: கேமிங் கணினிக்கு எந்தப் பிராசசர்? வாங்கியாயிற்று

இன்டெல்லின் ஐ5 14400எஃப்பா, ஏஎம்டியின் ரைசன் 5 7600ஆ, இல்லை கடன் வாங்கியாவது ரைசன் 7 7800எக்ஸ்3டியா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சென்னை ரிச்சி தெருவில் 7600 வாங்கிவிட்டேன்.

கடைக்காரர், "தம்பி, இன்டெல்லில் பத்து கோர் இருக்கிறது, அதை எடுங்கள்" என்றார். கோர் என்பது பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி; பத்தில் நான்கு, மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகம் குறைத்த சிக்கன கோர்கள் என்பதை அவர் சொல்லவில்லை! அதைப் பொருத்தும் சாக்கெட்டும் இன்டெல்லின் 14ஆம் தலைமுறையோடு சரி. 7600க்கான ஏஎம்5 சாக்கெட் உள்ள மதர்போர்டு பலகையில் நாளை ரைசன் 9000 வரிசையையும் பொருத்தலாம்.

7800எக்ஸ்3டி மீது ஆசை இல்லாமல் இல்லை. அதன் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 96 எம்பி, 7600க்கு 32 எம்பிதான். விளையாட்டு அடிக்கடி கேட்கும் தரவு, ராம் வரை போய்வராமல் சிப்பிலேயே கிடைப்பதால்தான் அது பறக்கிறது. ஆனால் என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு. 1440பி தெளிவுத்திறன் கொண்ட திரையில் மூச்சு வாங்குவது அந்தக் கார்டுதான், பிராசசர் காற்று வாங்குகிறது. மிச்சப் பணம் நல்ல பவர் சப்ளைக்குப் போயிற்று. மின்சாரம் போய்வரும் எங்கள் பகுதிக்கு அதுதான் முக்கியம்.

65 வாட் சிப் என்பதால் பெட்டியோடு வந்த கூலரே போதும். ஏசி இல்லாத அறையில் மதியம் சத்தம் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஏஎம்5 வாங்குவோர் கவனத்துக்கு: முதல்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பலகை டிடிஆர்5 ராமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பதறி பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள்.