வில்லேஜ் வான்கார்டில் மட்டும் ஏன் இத்தனை நேரடிப் பதிவுகள்?

கேள்வி:
நான் வாங்கும் ஜாஸ் இசைத்தட்டுகளின் உறைகளில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 123 பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு நிலவறைக்கு அப்படி என்ன சிறப்பு? அது தொடக்கம் முதலே ஜாஸ் அரங்கமாக இருந்ததா?

பதில் 1:
இல்லை. அதை நிறுவிய மாக்ஸ் கார்டன் சார்லஸ் தெருவில் முதலில் நடத்திய இடம் உரிம விதிகளுக்குப் பொருந்தவில்லை. இரண்டு வாயில்களும் இரண்டு கழிப்பறைகளும் உள்ள இடமொன்றைத் தேடி அலைந்தவருக்கு, மதுவிலக்குக் காலத்தில் திருட்டுத்தனமாக மது விற்ற ‘கோல்டன் டிரையாங்கிள்’ இயங்கிய முக்கோண வடிவ நிலவறை 1935இல் கிடைத்தது. கவிஞர்களும் நாட்டுப்புறப் பாடகர்களும் நகைச்சுவைக் குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கோலோச்சினார்கள். முழுமையாக ஜாஸுக்கு மாறியது 1957இல்தான்.

பதில் 2:
மேலே நண்பர் சொன்ன அந்த முக்கோணம்தான் உங்கள் கேள்விக்கு விடை என்பது என் கருத்து. மேடை குறுகிய முனையில் இருப்பதால் கேட்பவர்கள் கலைஞர்களை ஒட்டியே அமர்கிறார்கள். ஒலி தெளிவாகவும் நெருக்கமாகவும் வந்து சேர்கிறது. 1957 நவம்பர் 3 அன்று சோனி ரோலின்ஸ் பியானோவே இல்லாமல், சாக்சபோன், பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் தந்திக் கருவி), டிரம்ஸ் மட்டும் கொண்டு அங்கே செய்த பதிவைக் கேட்டுப் பாருங்கள். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, பியானோ கலைஞர் பில் எவன்ஸின் குழு பிற்பகலும் இரவுமாக வாசித்ததிலிருந்து இரண்டு புகழ்பெற்ற இசைத்தட்டுகள் பிறந்தன. கண்ணாடிக் குவளைகள் உரசும் ஓசையும் மேசைப் பேச்சும் அவற்றில் அப்படியே பதிந்துள்ளன. அன்று பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, பதினொரு நாள்களில் சாலை விபத்தில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அங்கே பதிவு செய்தவற்றுள் ஒன்றின் தலைப்பு ‘இந்தியா’.

பதில் 3:
சுவர்களுக்கு இவ்வளவு புகழ் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. நடத்தியவர்களின் பிடிவாதத்தையும் பார்க்க வேண்டும். 1948இல் தெலோனியஸ் மங்க் என்ற பியானோ கலைஞரை வாசிக்க வைக்குமாறு மாக்ஸை வற்புறுத்தியவர் லொரெய்ன். கூட்டம் வரவில்லை, ஆனாலும் லொரெய்னின் செவி தவறவில்லை என்பதைக் காலம் காட்டியது. பின்னர் மாக்ஸை மணந்த அவர், 1989இல் கணவர் இறந்த மறுநாளே அரங்கத்தைத் திறந்து, 2018இல் தாம் மறையும்வரை பொறுப்பில் இருந்தார்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. திங்கட்கிழமைதோறும் ஒரு பெரிய இசைக்குழு வாசிக்கும் வழக்கமும் இவர்களுடையதுதானா?

பதில் 3:
இல்லை, அது இசைக்கலைஞர்களான தேட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரியில் தொடங்கியது. அந்தச் சிறு மேடையில் பதினாறு பேர் எப்படி அமர்கிறார்கள் என்பது தனிக் கேள்வி!