பெருந்திட்டத்தைத் தமிழில் விளக்க உதவுங்களேன்

வணக்கம். எங்கள் புளோக்கில் இருக்கும் தமிழ் முதியவர்களுக்குச் சிங்கப்பூரின் பெருந்திட்டம் (Master Plan: எந்த நிலத்தில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் திட்டம்) பற்றி அடுத்த மாதம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். 5 ஆண்டுக்கு ஒருமுறை அது மறுஆய்வுக்கு வருகிறது. வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்தும் கேட்கிறார்கள். தமிழில் புரிந்தால்தானே இவர்களும் வாய் திறந்து கருத்துச் சொல்ல முடியும்?

நான் தடுமாறுவது 'பிளாட் ரேஷியோ' (plot ratio: மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) என்ற இடத்தில். 1,000 சதுர மீட்டர் மனைக்கு 2.8 என்று குறித்திருந்தால், எல்லா மாடிகளையும் சேர்த்து 2,800 சதுர மீட்டர் வரை கட்டலாம். கணக்கு எளிதுதான், நல்ல தமிழ்ச்சொல்தான் கிடைக்கவில்லை. 'தளப்பரப்பு விகிதம்' என்றால் பாட்டிமார்களுக்குப் புரியுமா?

அப்புறம், 1966ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தும் சட்டம். கம்பத்து (பழைய கிராமத்து) வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு வந்தவர்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். 1973இல் சட்டத்தைத் திருத்தி, இழப்பீட்டுக்கு அந்த ஆண்டின் நில மதிப்பையே வரம்பாக வைத்தார்கள். முழுச் சந்தை விலை 2007இல்தான் வந்தது. அந்த நிலங்களில்தான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளும் சாலைகளும் எழுந்தன என்பதும் உண்மை. இரண்டையும் மறைக்காமல், அவர்கள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

நகரத் திட்டமிடல் துறையில் இருப்பவர்களோ, தமிழாசிரியர்களோ, அப்படி இடம்பெயர்ந்த குடும்பத்தினரோ இங்கே இருந்தால், இரண்டு வரி எழுதினாலும் போதும். பழைய கம்பத்துப் படங்கள் இருந்தாலும் பகிருங்கள், கூட்டத்தில் காட்டுகிறேன்.